துணைக்கால்

புதுக்கடை, ஐந்தாம் இலக்க நீதிமன்று.
என் பதவிக்குப் பெயர் முதலியார்.
சாதியில்லை, சம்பளப் பட்டியலில் அப்படித்தான்;
பெண்ணென்றாலும் முதலியார்தான்.
இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்க
ஒரு மரப்படி தந்திருக்கிறார்கள்.
அதன் ஒரு கால் ஆடும்.

வாகரையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பூரணவல்லி
கடைசி வாங்கில் இருந்தாள்,
மடியில் பிளாஸ்டிக் உறைக்குள்
மகனின் பிறப்புச் சான்றிதழ்.
கெய்சர் வீதிச் சாறிக்கடையில்
கல்லாப்பெட்டி உடைந்த வழக்கு.
யதுசனுக்குப் பத்தொன்பது வயது.

சார்ஜன்ட் கூண்டைப் பார்த்துக் கை நீட்டினார்:
‘மே கொல்லா தமய் கொல்லகேவே.’

நான் வாய் திறக்குமுன்
அவள் எழும்பிவிட்டாள்.
‘ஐயோ, ஆரக் கொல்லச் சொல்றீங்க?’

கொல்லா என்றால் பையன், அம்மா.
பொடியன் என்கிற மாதிரி, கொஞ்சம் மட்டு.
மற்றது கொள்ளை;
எங்களிடமிருந்து போனதாகத்தான் இருக்கும்,
போகிற வழியில் ளகரம்
நாக்கின் மடிப்பை நிமிர்த்திக்கொண்டது.
இதெல்லாம் சொல்ல எங்கே நேரம்?
‘பொடியனைத்தான் சொல்லினம், இருங்கோ’ என்றேன்.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
மன்றுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி
அகராதிகளைப் புரட்டினேன்.
பையன் எங்கிருந்து வந்தான் என்று
ஒன்றும் தெளிவாய்ச் சொல்லவில்லை.
என் அறையில் முன்பு தங்கியிருந்த
கோட்டயத்து நர்ஸ் நினைவுக்கு வந்தாள்.
நான் வைத்த சூடைமீன் குழம்பை நக்கிப் பார்த்து
‘கொல்லாம்’ என்றாள் முதல் நாள்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.
நல்லாயிருக்கு என்று அர்த்தமாம்.
பிறகு இரண்டு வருஷம்
ஒவ்வொரு குழம்புக்கும் அந்தச் சொல்லுக்காகக்
காத்திருந்தேன்.

எங்களுக்கோ
கொல்ல என்றால் கத்தி.
பக்கத்தில் ஒரு கால் போட்டால்
கொல்லா:
கொல்லாத விரதம், கொல்லாத கை.
ஒரு கோடு, கீழே கொஞ்சம் வளைவு,
அவசரத்தில் எழுதினால் விடுபட்டுவிடும்.

நாலு மணிக்குச் சரீரப் பிணை.
கேற்றடியில் அவள் அவனுடைய கொலரைப் பிடித்து
முகத்திலும் முதுகிலுமாய் அறைந்தாள்:
‘உன்னக் கொல்லாம விடமாட்டன்டா,
கொல்லாம விடமாட்டன்!’
அறைந்த கையாலேயே
அவன் ஷேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினாள்.
அவன் அழுதான். அவளும்.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
என்னிடம் திரும்பினார்.
‘மொகத கிவ்வே?’
என்ன சொன்னாள்?

என் சத்தியம் உள்ளே,
படியோடு முடிந்திருந்தது.
ஒரு ஓட்டோ கடந்துபோகும்வரை நின்று,
காலை நன்றாக நீட்டிச் சொன்னேன்:

‘கொல்லா.’

அவர் தலையாட்டினார்.