ஆறு மணிப் பக்கம்

குழாய்க்குள் ஒரு கடிகாரம் உண்டு.
முள் கிடையாது. நேரமும் கிடையாது.
உச்சி பன்னிரண்டு, அடி ஆறு,
மூன்றும் ஒன்பதும் இரு விலாக்கள்.
இரும்பு எங்கே மெலிந்தது என்று சொல்ல
எங்களுக்கு இந்த முகம் போதும்.

ருவைஸில் ஜூலை.
வெளியே ஐம்பதைத் தொடும் வெயில்,
உள்ளே குளிரூட்டி பதினெட்டில்.
சால்வை போர்த்திக்கொண்டு
கடலடியில் கிடக்கும் ஐம்பத்தெட்டு கிலோமீட்டரை
திரையில் உருட்டி வாசிக்கிறேன்.

உள்ளே போய் வந்த காந்தக் கருவிக்கு
உலகெங்கும் பன்றி என்று பெயர்.
இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லை
யாரும் உரக்கச் சொல்வதில்லை.
சுரண்டி என்கிறோம், மரியாதையாக.
நடக்கும் மனிதனின் வேகத்தில் பதினாறு மணி நேரம்.
வெளியே எடுத்தபோது
மெழுகும் துருவுமாக இரண்டு வாளிக் கறுப்பு,
அப்புறம் நான்காயிரம் குறைகளின் பட்டியல்.

பெரும்பாலானவை ஒன்றுமில்லை.
வெல்டின் தழும்பு, ஆலையிலிருந்தே வந்த சுருக்கம்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழில் கை நின்றது.
கிலோமீட்டர் முப்பத்தொன்று புள்ளி நான்கு,
ஆறு மணிப் பக்கம்.
எண்ணெயோடு வரும் தண்ணீர்
களைத்துப்போய்ப் படுக்கிற இடம்.
சுவரில் அறுபத்திரண்டு விழுக்காடு இல்லை.
ஐந்து வருடம் முன்பு நாற்பத்தொன்றாய் இருந்தது.

ரோடெல் தன் இயந்திரத்தைக் கீழே அனுப்பினான்.
வெளித்தோல் சுத்தம்.
துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தன,
இரும்புக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே கட்டியவை.
"நம்மைப் போல" என்றான் சுனீர்.
போடா, அதற்கு ஓவர்டைம் கிடையாது என்றேன்.
மணல் அரித்துப்போன இடத்தில்
குழாய் இருபத்திரண்டு மீட்டர் அந்தரத்தில் தொங்கியது.
அந்த நிழலில் கொழுத்த ஒரு ஹமூர்
விளக்கைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது.
அதற்கு அது வீடு.
எங்கள் அறிக்கையில் அது "ஆதாரமற்ற நீளம்".

கூட்டத்தில் கல்ஃபான் கணக்குப் போட்டார்.
வருடத்துக்கு நான்கு விழுக்காடு. எல்லை எண்பது.
நான்கு வருடம் இருக்கிறது, ஜெனோவா.
பதினான்கு மாதத்தில் எப்படியும் நிறுத்தப்போகிறோம்.
அவர் கணக்கில் பிழையில்லை.

ஆனால் கருவி பத்து கூடவும் சொல்லும்,
பத்து குறையவும் சொல்லும்.
அன்றைக்கு அது கூட்டிச் சொல்லியிருந்தால்?
இன்றைக்குக் குறைத்துச் சொல்லியிருந்தால்?
முப்பத்தொன்றிலிருந்து எழுபத்திரண்டு.
அப்படியானால் மிச்சம் பதினோரு மாதம்.

"எது உண்மை?"
தெரியாது என்றேன்.
தெரியாது என்று சொல்லத்தானே
எனக்குச் சம்பளம்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தேநீர் ஆடை கட்டும்வரை ஒருவரும் பேசவில்லை.

அழுத்தத்தைக் குறைத்தார்கள்.
ஒவ்வொரு நாளும் எத்தனை பீப்பாய் குறைந்தது என்று
ஒவ்வொரு நாளும் மின்னஞ்சல் வந்தது,
என் பெயரையும் சேர்த்து.
பன்னிரண்டாவது மாதம் எதுவும் நடக்கவில்லை.
எங்கள் துறையில் விளைவது இது ஒன்றுதான்,
எதுவும் நடக்காமை.
அதை யாரும் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவதில்லை.

நிறுத்தத்தின்போது அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள்.
அளந்தால் அறுபது.
பதினான்கு மாதம் கழித்தும் வெறும் அறுபது.
கல்ஃபான் சிரித்தார், கோபமில்லாமல்.
"ஓட்டியிருக்கலாம்."
ஓட்டியிருக்கலாம் என்றேன் நானும்.
மறுபடி அதே எண்கள் வந்தால்
மறுபடி அதையே எழுதுவேன் என்பதை
அப்போது சொல்லவில்லை.

ஒரு கை அகலத் துண்டைக் கேட்டு வாங்கினேன்.
பள்ளத்தில் என் சுண்டுவிரல் நுனி
அளவெடுத்ததுபோல் அமர்கிறது.
மேசைமேல் கவிழாமல் வைத்தால்
அந்தப் பக்கம்தான் மேலே வருகிறது.
பென்சில் சீவும்போது
தூள் அதில் விழுகிறது.