நீல நாடா

ஞாயிறு மதியம் நிலவறைத் தரையில்
நீல ஒட்டுநாடாவால் செவ்வகம் ஒன்று போட்டாள் ஆர்டிஸ்.
பன்னிரண்டடி நீளம், ஐந்தடி அகலம்.
"இதுதான் அது" என்றாள்.
வாங்கவில்லை இன்னும்.
வாங்குவதா என்றே முடிவாகவில்லை.

பதினைந்தாயிரம் டாலர்.
மைனாட் கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு
எனக்கொரு மிட்டாய் நீட்டினார்.
அவள் ஓட்டுவது பள்ளிப் பேருந்து;
பனிப்புயலில் பள்ளியை மூடினால்
அன்றைக்குக் கூலி கிடையாது.
எங்கள் வடக்கு டகோட்டாவில் அது எத்தனை நாள் என்று
யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அலமாரியில் பத்தொன்பது மேல்துணிகள்.
துண்டுக்குத் துண்டு இணைத்தாயிற்று.
பஞ்சும் அடித்துணியும் சேராமல்
வெறும் தோலாக மடிந்து கிடக்கின்றன.
வெல்வாவிடம் கொடுத்தால்
போர்வைக்கு நூற்றெண்பது, எட்டு மாதக் காத்திருப்பு,
எதைக் கொடுத்தாலும் அதே இறகுக் கோலம்.
"என் கடிதத்தில் அவள் கையெழுத்து" என்பாள் ஆர்டிஸ்.

சமையலறை மேசையில், சின்ன இயந்திரத்தின் கக்கத்தில்
இரட்டைக் கட்டில் போர்வையைச்
சுருட்டிச் சுருட்டி அவள் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன்.
கன்று குறுக்கே திரும்பிய பசுவிடம்
மல்லுக்கட்டுவது போலிருக்கும்.
அந்த வாரம் என் மூட்டுவலிக் களிம்பு தீர்ந்துபோகும்.

பத்தொன்பதை நூற்றெண்பதால் பெருக்கினேன்.
விலையில் கால்பங்குகூட வரவில்லை.
அந்த மின்கட்டண உறையை
அவளிடம் காட்டவில்லை.

மூன்று வாரமாயிற்று.
உறைபெட்டிக்குப் போகும்போது
நாடாவைச் சுற்றித்தான் போகிறேன்.
மின்சாரம் போன இரவில்கூட
இல்லாத மூலையில் இடுப்பு இடிக்காமல்
ஒரு கையை முன்னே நீட்டிக்கொண்டு.
நாய் மட்டும் நடுவில் படுக்கிறது.
அதற்குக் கடன் தெரியாது.

செவ்வாய் இரவு மான்கறி எடுக்க இறங்கினேன்.
கோட்டின் ஓரத்தில் காலுறையோடு நின்றிருந்தாள்.
காற்றில் இரண்டு கைப்பிடிகளைப் பற்றி
வட்டமாய், பிறகு வளைந்து, திரும்பி, மறுபடி வட்டமாய்.
உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.
படி கிரீச்சிடும் முன்பே மேலேறிவிட்டேன்.
அன்றைக்கு முட்டைதான் பொரித்தோம்.
கறி எங்கே என்று அவள் கேட்கவில்லை.

காலையில் சொன்னாள்: "வேண்டாம் லைல்.
யானையைக் கட்டித் தீனி போட முடியாது."
மண்டியிட்டு நாடாவின் நுனியை நகத்தால் நெம்பினாள்.

"இந்தக் குளிரில் உரிக்காதே" என்றேன்,
"தரைப் பெயிண்டும் கூடவே வந்துவிடும்.
ஏப்ரல் வரட்டும்."

பெயிண்ட் அப்படியெல்லாம் வராது.
இருபது வருஷமாய் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான்;
அது அவளுக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு, எழும்பிய நுனியைக்
கட்டைவிரலால் அழுத்தி
மறுபடி ஒட்டினாள்.