இருபதுக்கு மேல் உள்ளே இடமில்லை

கிளாக்ஸ்விக்கில், விடியற்காலை மூன்றே முக்காலுக்கு
மீன் ஏலக் கூடம் என்னை எழுப்பியது.
"திரை அசையவில்லை, ரன்வோ.
காட் மீன் நானூறு பெட்டி தரையில் கிடக்கிறது.
பனிக்கட்டி உருகுகிறது."
ஹெர்கெய்ருக்கு எப்போதும் பனிக்கட்டிதான் கடிகாரம்.

ஸ்வெட்டரைப் பின்முன்னாக மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மூடுபனிக்குள் ஓர் ஆடு
என் காரின் நம்பர் பலகையை நக்கிக்கொண்டிருந்தது.

துறைமுக அலுவலகத்தின் நிலவறையில்
மூன்று இரும்புப் பெட்டிகள்.
அவற்றுக்குள் இரும்பே இல்லாத பதினோரு இயந்திரங்கள்,
எல்லாவற்றுக்கும் பறவைப் பெயர்.
இவற்றை எழுப்பி, நிறுத்தி, கணக்குச் சொல்ல
ஒரு பின்னணிச் சேவை.
தானாக வாய் திறக்காது,
கேட்டால் சொல்லும்.

கேட்டேன். சொல்லவில்லை.
கதவைத் தட்டிய கையிலேயே இணைப்பு அறுந்தது.
பதிவேட்டின் கடைசி வரி இப்படி:
இருபது பேர் உள்ளே இருக்கிறார்கள், இவரை விட முடியாது.
இவர் என்பது நான்.

இருபது என்று எழுதியதும் நான்தான்,
ஐந்து வருடம் முன்பு,
இந்த ஊரில் இருபது பேர் ஒரே நேரத்தில்
எதையும் கேட்டதில்லை என்ற தைரியத்தில்.

அந்தக் கடைசி வரியும் பாதியில் நின்றிருந்தது.
வட்டில் ஒரு எழுத்துக்குக்கூட இடமில்லை.
பதிவு நிலை ஒன்று:
மூச்சு விட்டதையும் எழுது,
எழுதியதை எழுதினேன் என்றும் எழுது.
ஏதோ ஒரு பிழையைத் தேடி யாரோ திறந்துவிட்டு
மூடாமல் போன குழாய்.
எழுத இடமின்றி ஏல இயந்திரம்
அப்படியே உறைந்து நின்றது,
வாக்கியத்தின் நடுவே இருமல் வந்தவன் மாதிரி.

நல்லவேளை, நிர்வாகிக்கு ஒரு பக்கவாசல் உண்டு.
ஐந்தே இருக்கை, ஐந்தும் காலி.
அதன் வழியே நுழைந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன்.
இருபதில் பத்தொன்பது
ஒரே முகவரியிலிருந்து வந்தவை.

பதிவேட்டில் பின்னோக்கிப் போனேன்.
பத்து நொடிக்கு ஒரு முறை, பகலும் இரவும்:
தெர்னா எப்படி இருக்கிறது?
அப்படி ஓர் இயந்திரம் இல்லை.
தெர்னா எப்படி இருக்கிறது?
அப்படி ஓர் இயந்திரம் இல்லை.

தெர்னா என்றால் எங்கள் பேச்சில் ஆலாப் பறவை.
அந்த இயந்திரத்தை மே மாதம் நானே அழித்தேன்.
அதை நலம் விசாரிக்கும் நிரலை எழுதியவன் யால்கிரிம்,
பிப்ரவரியில் வேலையை விட்டு
கிரீன்லாந்துப் பக்கம் இறால் கப்பலில் ஏறினான்.
பழைய மேசைக்கடியில் அவனுடைய கணினி
இன்னும் சூடாக இருந்தது.

பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக வெளியேற்றினேன்.
பழைய பதிவுகளைச் சுருக்கி வேறு வட்டுக்கு அனுப்பினேன்.
நாலு ஐம்பதுக்கு ஏலத் திரை அசைந்தது.
ஹெர்கெய்ர் நன்றி சொல்லவில்லை, விலை சொன்னான்.

பிறகு, காபியோடு, அமைப்புக் கோப்பு.
பதிவு நிலை மூன்று: எச்சரிக்கையும் அதற்கு மேலும் போதும்.
உள்ளே அறுபது பேர்.
வரிசையில் காத்திருக்கப் பத்து.
யாரென்று இன்னும் சொல்லாதவர்கள் ஐந்துக்கு மேல் கூடாது.
ஐந்து நொடிக்கு ஒரு முறை இருக்கிறாயா என்று கேள்,
ஐந்து முறை பதில் இல்லையென்றால் கதவைச் சாத்து.

இந்தக் கடைசி விதி முன்பும் இருந்ததுதான்.
உதவவில்லை.
அந்தப் பத்தொன்பதும் கேட்டபோதெல்லாம்
இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கின்றன.
பேசாதவர்களை வெளியேற்ற விதி உண்டு.
கிளம்ப மறந்தவர்களுக்கு
இந்தக் கோப்பில் ஒரு வரியும் இல்லை,
தேடிப் பார்த்தேன்.

மதியம், கப்பலுக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது.
யால்கிரிம் அனுப்பிய பதில்:
"அது இன்னுமா ஓடுகிறது?"
கூடவே பனிப்பாறை ஒன்றின் படம், கொஞ்சம் சாய்வாக.

அறுபது என்ற எண்ணுக்கு மேலே
சேவை படிக்காமல் தாண்டிப்போகும்
அந்தச் சின்னக் குறியைப் போட்டு எழுதினேன்:
முன்பு இருபது. ஆலா இல்லை. ர.
சேமித்தேன். மறுபடி தொடங்கினேன்.
ஸ்வெட்டர் இன்னும் பின்முன்னாகத்தான் இருந்தது.