கீழ்வரிசை

கொழிஞ்சாம்பாறையில் ஆடி மாதம்
மேற்கு வாசலைத் திறந்தால்
காற்று உள்ளே வந்து உட்காரும்,
டோக்கன் எடுக்காமல்.
போன வருடம் படத்தைத் தள்ளிவிட்டது.
சில் பொறுக்கியே ஒரு திங்கட்கிழமை போனது எனக்கு.

டாக்டர் ஸ்ரீலேகா சொல்ல
பாதுஷா ராவுத்தர் அக்ரிலிக் போட்டுத் தந்தார்.
உடையாது, எடையில்லை.
வேறொன்றும் அவர் சொல்லவில்லை;
நானும் கேட்கவில்லை.

படம் ராயப்பன் வரைந்தது.
லாரிகளுக்குப் பேரும் பூவும் எழுதுகிற ஆள்.
கீழ்வரிசைப் பல்செட்டுக்குப் பணம் குறைந்தபோது
வாட்டர்கலரில் கொண்டுவந்தார்
கோபாலபுரம் செக்போஸ்ட்டை:
தூக்கிய கம்பம், நுனியில் ஒரு கரிச்சான்.

தூசிக்கு அந்தத் தகட்டின்மேல் என்ன ஆசையோ.
உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க
கைமயிர் சிலிர்க்கும்;
துடைத்த இடத்துக்கே
இரட்டிப்பாய்த் திரும்பும்.
ஒரு நாள் கோபம்.
ஊசி மேஜையில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து
அழுத்தித் துடைத்தேன்.
பளிச்சென்றுதான் இருந்தது.

அடுத்த வாரம், நாலரை மணி வெயில்
வாசல் வழியே சாய்ந்தபோது பார்த்தேன்:
செக்போஸ்ட்டின் வானம் முழுக்க
நூலிழை நூலிழையாய் வெடிப்பு.
விரலுக்குத் தட்டுப்படாது.
வெயில் நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது.
பதினொரு வருடமாய் இந்த ஜன்னலுக்குப் பின்னால்
தமிழிலும் மலையாளத்திலும்
நாளைக்கு நாலு பேருக்காவது சொல்வது:
"செட்டுக்குப் பல்பொடி ஆகாதுங்க.
சாம்பல் வேண்டாம். சுடுதண்ணி கூடாது.
ஸ்பிரிட் கிட்டவே கொண்டுபோகாதீங்க.
இது அக்ரிலிக்."

இப்போது
பல்லை உலர்த்தும் ரப்பர் பந்தால்
முதலில் ஊதிவிடுகிறேன்.
துவைத்துத் துவைத்து இற்றுப்போன பனியனில்
பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு.
ஈரம் துணிக்குத்தான், தகட்டுக்கு அல்ல;
ஓரத்தில் வழிந்தால்
கரிச்சான் கரைந்துவிடும்.
தூங்குகிற பிள்ளையின் வாயைத் துடைக்கிற அழுத்தம், போதும்.
வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது.

நேற்று ராயப்பன் வந்தார். செட் லூசாம்.
கழற்றிக் கையில் தந்தார்.
குழாயடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்:
ஒரு கீறல் இல்லை.
"நீங்க சொன்னாப்பிலதான் வெச்சிருக்கேனுங்க"
என்றார், சொல் குழைய,
படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து.

மணி நாலே கால்.
எழுந்துபோய்
வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.
"காத்துங்க"
என்றேன்.