பீடியில் சுட்ட முடிச்சு

கடலை நான் பார்த்ததில்லை.
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில், கவுஸ் பாய் கடையில்
புளியங்கட்டைக்கு இந்தப் பக்கம் பதினோரு வருஷம்.
நாலரைக்கு வியாகுலத்தின் வண்டி
ஐஸ் தண்ணீர் ஒழுக வந்து நிற்கும்.
பெட்டியைப் பிரித்ததும் உன் மீன் எதுவென்று
எனக்குத் தெரிந்துவிடும்.

வலையில் விழுந்த சங்கரா
செதிள் உதிர்ந்து, விலாவில் கண்ணி அச்சோடு வரும்.
உன்னுடையது
மண்டிக்குப் போகும் முதல் தரத் தக்காளி,
ஒரு கீறல் இருக்காது.
ஆனால் இரைப்பை வாய்வழியே பிதுங்கி,
முழி வெளியே தள்ளி.

"ஆழம்க்கா" என்றான் வியாகுலம்.
"நாற்பது பாகம். கீழே பார்."
குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடியில் ஐஸ்தான் இருந்தது.
பார் என்றால் கடலடிப் பாறையாம்.
சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு டீ ஆயிற்று.

பாகம் என்றால் விரித்த இரண்டு கை.
கடை சாத்திய பிறகு
கையை விரித்து விரித்து ரோட்டோரம் அளந்தேன்.
நாற்பதாவது பாகம் மருந்துக்கடை தாண்டிப் போயிற்று.
அவ்வளவு தூரம் ஈயக்குண்டு கட்டி
இருட்டில் இறக்குகிறாய்.

வயிற்றைக் கிழித்தால் உன் இரை:
இரண்டு விரல் நீளக் கணவாய்,
நுனியை மட்டும் வாலாகப் பிளந்தது.
நீரோட்டத்தில் அது ஆடவேண்டும் என்றா?

மற்றவர்கள் முள்ளைத் தொண்டையில் தேடணும்,
செவுளை அறுக்கணும்.
உன் முள் எப்போதும் வாயோரத்தில்,
ஆணியில் மாட்டிய சாவி மாதிரி.
வட்டமுள். நுனி உள்ளே பார்த்துத் திரும்பியிருக்கிறது.
இது எப்படிக் குத்தும்?

ஒரு திங்கட்கிழமை கே.ஆர்.பி. டேமுக்கு எடுத்துப்போனேன்.
கோழிக்குடல் கோத்து, கெளுத்திக்கு.
இழுத்தது, வெட்டினேன். வெறும் முள்.
வெட்டினேன். வெறும் முள்.
மூன்றாவதும்.
நாலாவது தடவை கணுக்காலில் கொசு.
சொறிந்துகொண்டிருந்தேன்.
தங்கூசி தானாக விறைத்தது.
திரும்பிப் போகப் பார்த்த கெளுத்தி
தன்னைத்தானே மாட்டிக்கொண்டது.
உன் வித்தையில் பாதி, சும்மா இருப்பது.

எல்லாரும் கத்தரியால் வெட்டுகிற முடிச்சு வாலை
நீ பீடிக் கங்கில் சுடுகிறாய்.
ஐந்து சுற்று, முடிவில் கறுப்பாய் ஒரு கடுகு.
பதினேழு கடுகு சேர்ந்துவிட்டது ஊறுகாய் பாட்டிலில்.
எடை போட்ட பிறகுதான் நான் முள்ளை எடுக்கவேண்டும்,
பாயின் உத்தரவு.
இரும்பும் சங்கரா விலைக்கே போகிறது.

போன ஞாயிறு ஒன்று வந்தது, நாலரைக் கிலோ.
வலது வாயோரம் புது முள், வேறு யாரோ,
கத்தரி வெட்டு.
இடது கன்னத்தில் கத்தி கிரீச்சிட்டது.
துரு. மேலே சதை மூடியிருந்தது.
ஒரு சாண் தங்கூசி, பாசி பிடித்து,
ஐந்து சுற்று,
கறுப்பாய் ஒரு கடுகு.

சிரித்துவிட்டேன்.
"என்ன?" என்றார் பர்கூர் டீச்சர்.
"ஒண்ணுமில்ல டீச்சர், இது ஏற்கெனவே
ஒருத்தருக்கு டிமிக்கி குடுத்திருக்கு."

அறுந்த முனையை விரலில் உருட்டினேன்.
பல் பட்டால் சட்டென்று முடியும்.
இது பஞ்சு பஞ்சாய்ப் பிரிந்திருந்தது.
பாரில் உரசியிருக்கிறது.
மாட்டியதும் பாறைப் பொந்துக்குத்தானே ஓடும்?
முதல் நாலு பாகம் மட்டும்
நீ சும்மா இருக்கக்கூடாது, மேலே ஏற்றிவிடு.
முள்ளை ஒட்டி ஒரு கை நீளம் கனத்த தங்கூசி போடு.
டேமில் ஒரே ஒரு கெளுத்தி பிடித்தவள் சொல்கிறேன்.

வியாகுலத்திடம் கேட்டேன், யார் என்று.
"ஏலத்துல எல்லாம் ஒரே குவியல்க்கா.
எந்தப் போட்டோ, எந்தத் துறையோ."

தலையைத் தனியாகப் போடச் சொன்னார் டீச்சர், குழம்புக்கு.
போட்டேன்.
கன்னத்தில் பழைய ஓட்டை ஒன்று இருந்தது.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.