பூனைக்கு ஆகாத மருந்து

போரா என்பது காற்றின் பெயர்.
அது இறங்கும் நாட்களில்
ட்ரியெஸ்டேயில் யாரும் தொப்பி போடுவதில்லை,
போட்டால் கடலுக்குப் போய்விடும்.
அதனால் இந்த ஊரில்
ஒருவன் தலையில் எத்தனை மிச்சம் என்பது
குளிர்காலம் முழுக்க
தெருவில் வைத்து எண்ணப்படுகிறது.

லிவியோ கொஷுத்தா,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
பதினோரு வருடமாய்
காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி.
காயும்வரை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
வானிலைச் செய்தி கேட்பான்.
அப்பா இறந்த இரவிலும்
மருத்துவமனையிலிருந்து வந்து
அதைப் போட்டுக்கொண்டுதான் அழுதான்.
இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மாதாமாதம் முதல் தேதி
அதே விளக்கின் கீழ் ஒரு படம்.
கைபேசியில் நூற்று முப்பத்திரண்டு உச்சந்தலைகள்.
விரலால் தள்ளிக்கொண்டே போனால்
எதுவுமே நடக்காத ஒரு சினிமா.
"எதுவும் நடக்காததுதான் வெற்றி"
என்கிறார் டாக்டர் பெர்த்தோக்.
யாரைக் கேட்டு உறுதி செய்வது?
மருந்தே தொடாத இன்னொரு லிவியோ
பக்கத்துத் தெருவில் குடியிருந்தால்
கதவைத் தட்டி, மன்னிக்கவும்,
கொஞ்சம் குனியுங்கள் என்று கேட்கலாம்.
அப்படியொருவன் பிறக்கவேயில்லை.
இவன் இத்தனை நாள் ஓடியது
அவனை முந்தத்தான்.

இப்போது சிக்கல், பூனை.
மீன்கடைத் தராசடியிலிருந்து
நிவேஸின் பின்னாலேயே வந்துவிட்டது.
செம்பட்டை நிறம். ஒரு காது பாதி.
கல்யாணமான புதிதில் அவள் ஒரு பூனை கேட்டாள்.
அதே வாரம் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை,
பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து
என்ற வரி வரைக்கும் படித்தாள்.
நான்காய் மடித்தாள்.
அப்புறம் கேட்கவில்லை.
இரவில் அவள் கையும்
அவன் நெற்றிவரை வந்து நின்றுவிடும்,
கார்ஸோ மேட்டில் கைவிடப்பட்ட
பழைய எல்லைச் சாவடிக்கு முன்னால்
இன்னும் வண்டியை மெதுவாக்குகிறவர்களைப் போல.

மாத்திரைக்கு மாறலாம் என்றார் டாக்டர்.
ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.
முதல் இரண்டு மூன்று மாதம் கொட்டலாம்.
திரும்ப வளரும் என்றார்.
பெரும்பாலும், என்ற சொல்லை
இவன் எழுந்து கதவைத் திறந்தபோது சொன்னார்.

முப்பதிலேயே முழுசாய் வழுக்கையான மாரினோ
ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்:
"ஏம்ப்பா, இதென்ன தலை போகிற காரியமா?"
"அதேதான்" என்றான் லிவியோ.
இருவரும் சிரித்தார்கள்.
ஒருவன் சீக்கிரம் நிறுத்திவிட்டான்.

வியாழக்கிழமை போரா
கிரேன்களையெல்லாம் நிறுத்திவிட்டது.
மதியமே வீடு.
படிக்கட்டில் நிவேஸின் பழைய கோட்டு மேல்
பூனை.
குனிந்து அவன் ஷூ கயிற்றை அவிழ்த்த நொடியில்
தோளுக்குத் தாவியது,
காதோரம் மூக்கை வைத்து
நாக்கை நீட்டியது.
அவன் அதை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்,
இரண்டு கையும் மேலே,
துப்பாக்கி முன்னால் நிற்பவன் மாதிரி.
கீழே விழுந்த பூனை
அவனைப் பார்க்கவில்லை.
நடந்தது தனக்கில்லை என்பதுபோல்
முன்காலை நக்கிக்கொண்டது.

அன்றிரவு பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது.
விலை அவனுக்குத் தெரியும்.
விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்தான்,
நூற்று முப்பத்து மூன்று,
தேதி பத்தொன்பது.
அப்புறம் தலையை இரண்டு முறை அலசினான்.

"மணி பதினொன்று, என்னத்தைத் துவைக்கிறாய்?"
அறையிலிருந்து நிவேஸ்.
"தலையணை உறை. எல்லாத்தையும்."

இயந்திரம் தண்ணீர் இழுக்கும் சத்தம்.
கொஞ்ச நேரம் அவளிடமிருந்து ஒன்றுமில்லை.
பிறகு வெறுங்காலில் கூடத்தைக் கடந்து போனாள்.
படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாள்
விலகும் சத்தம் கேட்டது.