முப்பது கிலோ

மாட்டுத்தாவணி பூச்சந்தை, விடியக்காலை மூன்றரை.
ஏலக் கூச்சலுக்கும் ஹாரனுக்கும் நடுவே
நிலக்கோட்டையிலிருந்து சகாயமேரி
போனில் வாசிக்கிறாள்:
பூவுக்கொரு வரி, வண்டிக்கொரு பத்தி,
குறுக்கே கூட்டல், நெடுக்கே கூட்டல்.
கடைசி எண்களில் பூ இல்லை.
எந்த வண்டியிலும் ஏறாதவை.

வீரணன் கட்டத்தாளில் எழுதிப் பார்க்கிறான்.
மல்லி வரியில் முப்பது இடிக்கிறது,
இரண்டாம் வண்டியிலும் அதே முப்பது.
விரல் ஒன்று குறுக்கே, ஒன்று கீழே;
முட்டிய கட்டத்தில் ஐம்பது.
அவள் சொன்னது எண்பது.
கேட்காமலே அடித்துத் திருத்துகிறான்.

நேற்று பிசகு இரண்டு,
இரண்டுமே பத்துப் பத்து.
நாலு கட்டத்தில் முட்டின விரல்கள்.
திரும்பக் கூப்பிட்டான்.
முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னாள்.
அப்போதுதான் கேட்டது
எண்களுக்கு நடுவே
அவள் இருமல்.